யாமத்தில் விழித்திருப்பவர் யார்?

மார்கழி மாதத்து அரையாண்டுப் பரீக்ஷை முடிந்து, பத்தாம் வகுப்புத் தமிழ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். 'இரவைக் கொண்டு தனிமையைப் புலப்படுத்தும் புலவர் திறத்தை விளக்குக' என்பது வினாக்களில் ஒன்று. வினாவை வகுத்தவர் நாமே. விடையும் நாம் வகுப்பிற் சொல்லி எழுதச் செய்ததே. ஆதலின் தாளுக்குத் தாள் அதே விடை வந்துகொண்டிருந்தது. இருள் சூழ்ந்த இரவை வருணிப்பதனால் தலைவியின் தனிமை நன்கு விளங்குகிறது என்று முப்பது பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். முப்பது பேருக்கும் முழு மார்க்குப் போட்டோம்.

முப்பத்தோராவது தாள் ஒரு சிறுமியினுடையது. அவள் விடை எழுதவில்லை. ஒரு கேள்வியை எழுதி வைத்திருந்தாள். "குறுந்தொகைத் தலைவி, தான் ஒருத்திதான் உறங்கவில்லை என்று தோழியிடம் சொல்கிறாள். அதைக் கேட்கிற தோழியும் விழித்துக்கொண்டுதானே இருக்க வேண்டும்? அப்படியானால் ஒருத்தி என்பது எப்படிப் பொருந்தும்?" இவ்வளவே. கீழே இடம் வெறுமையாகக் கிடந்தது.

வினாவுக்கு வினா விடையாகாது. விதிப்படி அதற்குச் சுழியம். ஆனால் பேனா காகிதத்தின்மேல் இறங்கவில்லை. மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வீட்டில் எல்லாரும் உறங்கிவிட்டார்கள். தெருக்கோடியில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது. முப்பது பேருக்குக் கொடுத்த முழு மார்க்கு நம்மை உறுத்தத் தொடங்கவே, எழுந்து சென்று குறுந்தொகையை எடுத்து வந்தோம்.

இந்நூலில் கடவுள் வாழ்த்தை விட்டு 401 பாட்டுக்கள் உள்ளன. 1915-ல் சௌரிப்பெருமாள் அரங்கனார் இதை முதன்முதல் அச்சிற் கொண்டுவந்தார். பின்பு 1937-ல் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் விரிவான உரையோடு பதிப்பித்தார்கள். நாம் கல்லூரியிற் படித்த நாளில் ஆங்கிலக் கவிகளின் இரவுப் பாட்டுக்களையும் இராப்பறவைப் பாட்டுக்களையும் நெட்டுருச் செய்தோம். அவை நல்ல பாட்டுக்களே. அவற்றின்மேல் நமக்குப் பகை இல்லை. ஆயினும் நம் வீட்டு அலமாரியில் இருந்த இந்தப் புத்தகத்தை அந்த நாளில் ஒருவரும் எடுத்துக் காட்டவில்லை என்ற குறை இன்னும் தீர்ந்தபாடில்லை.

அச்சிறுமி கேட்டது ஆறாம் பாட்டைப் பற்றி. பதுமனார் என்ற புலவர் பாடியது, நான்கே அடி. மணத்துக்கு முன் தலைவன் பிரிந்து போயிருக்கிறான், நாள் நீள்கிறது, தலைவி ஆற்றமாட்டாமல் தோழியிடம் பேசுகிறாள். இந்த நான்கு அடிகளிலும் இருள் எங்கே இருக்கிறது என்று தேடினோம். மதி இல்லை, மீன் இல்லை, மேகம் இல்லை, கருமை என்ற பேச்சே இல்லை. யாமத்துக்கு அவர் கொடுத்திருப்பது 'நள்' என்னும் ஒரு சிறு சொல். செறிவு என்று அதற்குப் பொருள் கொள்ளலாம், ஒலிக்குறிப்பாகவும் கொள்ளலாம். எல்லா ஓசையும் அடங்கிய பின்பு காதுக்குள்ளேயே ஓர் இரைச்சல் எஞ்சி நிற்குமே, அதை அனுபவித்தவர்களுக்கு உரை வேண்டியதில்லை. அப்பால், மக்களின் பேச்சு அவிகிறது. விளக்கு அவிந்தது என்று சொல்லுகிறோமே, அதே சொல். மக்கள் இனிதாக அடங்கிவிடுகிறார்கள். அகன்ற உலகமும் ஒரு வெறுப்பும் இன்றித் துயில்கிறது. மூன்று அடிகள் இவ்வாறு பிறருக்கே போய்விட்டன. நான்காம் அடியில்தான் அவள் வருகிறாள், உறங்காத ஒருத்தியாக.

'இனிது' என்று அவள் சொல்வதைக் கவனிக்க வேண்டும். உறங்குகிறவன் தன் உறக்கத்தை இனிது என்று அறிவதில்லை. பக்கத்தில் உறங்காமல் கிடப்பவளுக்கே அதன் இனிமை தெரிகிறது. பசித்தவன் அடுத்த வீட்டுச் சமையலின் மணத்தை அறிவது போல என்று சொல்லலாம்.

ஆகவே பிள்ளைகளுக்கு நாம் எழுதச் சொன்ன விடை தவறு. தலைவியின் தனிமைக்கு இருட்டு ஒரு காரணமே அன்று. இருட்டில் ஊரெல்லாம் கூடிக் கூத்துப் பார்க்கிறது. திருவிழாவில் இரவு முழுதும் விழித்திருக்கிறது. அங்கே தனிமை ஏது? பதுமனார் நமக்குக் காட்டுவது ஒரு கணக்கு. இந்த யாமத்தில் விழித்திருப்பவர் எத்தனை பேர் என்ற கணக்கு. இதனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், நம் புலவர்களின் இரவுப் பாட்டுக்கள் பல புதிதாகத் திறந்துகொள்கின்றன. அந்தச் சிறுமி கேட்டதும் இந்தக் கணக்கைத்தான்.

தோழியின் சங்கதி என்ன? அவள் அப்போது உறங்கிவிட்டாள், மறுநாளே இதைக் கேட்கிறாள் என்று கொண்டால், இனிதாக அடங்கிய மக்களுள் அவளும் ஒருத்தி ஆகிறாள். பாட்டு அவள்மேல் ஒரு குத்தாகவும் ஆகிறது. இல்லை, அவளும் விழித்தே இருந்தாள் என்று கொண்டால், அந்த விழிப்பு வேறு வகை. நோயாளியின் கட்டிலருகே இரவு முழுதும் அமர்ந்தவர்கள் அறிவார்கள்: நோயாளியின் விழிப்பும் துணையிருப்பவரின் விழிப்பும் ஒரே அறையில் இருந்தும் ஒன்றாவதில்லை. துணையிருப்பவர் நினைத்தால் உறங்கலாம். நோயாளி நினைத்தாலும் உறங்க முடியாது. இவ்விரண்டில் எது சரி என்று நமக்குத் துணிய விருப்பமில்லை. இரண்டுக்கும் இடம் கொடுத்து நிற்பதனால்தான் நான்கு அடிகள் இவ்வளவு நாள் நிலைத்திருக்கின்றன.

இதே நிலையில் வேறொரு பெண் என்ன செய்கிறாள் என்பதை ஔவையார் பாடியிருக்கிறார். 28-ஆம் பாட்டு. அவளுக்குப் புலம்பல் வரவில்லை, சினம் வருகிறது. காற்று வேறு வந்து அலைக்கிறது. தன் நோயை அறியாமல் தூங்கும் இந்த ஊரை முட்டலாமா, தாக்கலாமா, ஏதேனும் ஒரு சாக்கு வைத்துக்கொண்டு கூவிவிடலாமா என்று கேட்கிறாள். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு பையன், "ஊர் தூங்கினால் அதன்மேல் என்ன குற்றம், ஐயா?" என்றான். நியாயமான கேள்வி. ஊர்மேல் குற்றம் இல்லைதான். ஆனால் அந்தச் 'சாக்கு' என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும். நள்ளிரவில் ஒரு பெண் வாய்விட்டுக் கூவ வேண்டுமானால் பாம்பையோ திருடனையோ காரணமாகச் சொல்ல வேண்டும். தன் துன்பம் என்று சொல்லிக் கூவ அவளுக்கு வழி இல்லை. சொன்னால் அலர் எழும். பகலெல்லாம் அவளைப் பற்றிப் பேசிய வாய்கள் இரவில் அவளைக் கேளாமல் உறங்குகின்றன. ஊரின்மேல் அவளுக்குக் கோபம் வந்ததில் வியப்பென்ன? சங்கப் பெண்டிர் மென்மையே உருவானவர்கள் என்று மேடைகளிற் பேசுவோர் இப்பாட்டை ஒரு முறை படித்துவிட்டு ஏறினால் நல்லது.

கொல்லன் அழிசி என்பவர் பாடிய 138-ஆம் பாட்டில் கணக்கு மாறுகிறது. இங்கே பேசுகிறவள் தோழி. இரவிற் சந்திப்பதாகச் சொன்ன தலைவன் வரவில்லை. மறுநாள் வந்து மறைவில் நிற்கிறான். அவன் காதிற் படும்படி அவள் சொல்கிறாள். பெரிய ஊர் உறங்கிவிட்டதாம், 'நாங்கள்' உறங்கவில்லையாம். வீட்டுக்கு அயலில் ஒரு நொச்சி மரம். மயிலின் அடி போன்ற இலை அதற்கு. நொச்சியை வேலியோரங்களில் கண்டவர்கள் இந்த உவமையை மறக்கவே முடியாது. அம்மரத்தின் மெல்லிய கொம்பிலிருந்து நீலமணி போன்ற பூக்கள் உதிர்கின்றன. அவை விழும் ஓசையைக் கேட்டபடி அவர்கள் இரவைக் கழித்தார்கள்.

பூ விழும் ஓசை! நொச்சிப்பூ மிகச் சிறியது. உள்ளங்கையில் நூறு பூவை வைக்கலாம். அது விழுந்தது காதிற் கேட்டது என்றால், ஊர் எவ்வளவு அடங்கியிருக்க வேண்டும். அதைவிட, வேறோர் ஓசைக்காக, ஒருவன் நடந்து வரும் அடியோசைக்காக, காதுகள் எவ்வளவு கூர்மையாகத் திறந்திருக்க வேண்டும்! புலவர் காலடி என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொல்லன் என்பது அவருடைய தொழிலைக் குறிப்பதாயின், பகலெல்லாம் சம்மட்டி ஓசையில் இருந்த காது இந்த மெல்லோசையை எங்கே பிடித்தது என்று நாம் வியந்ததுண்டு. அல்லது உலைக்களம் ஓய்ந்த பின்பு வரும் அமைதியை அவரைப்போல் அறிந்தவர் வேறு யார்?

இப்பாட்டில் விழித்திருப்பவர் இருவர். அதனால்தான் இதில் புலம்பல் இல்லை. ஒரு மெல்லிய ஏளனம் இருக்கிறது. ஒருத்தியாய்க் கேட்டிருந்தால் பூவின் ஓசை அழவைத்திருக்கும். இருவராய்க் கேட்டதனால் மறுநாள் அதைச் சொல்லி அவனைக் குத்த முடிகிறது.

கழார்க் கீரன் எயிற்றியார் என்ற பெண்பாற் புலவரின் 261-ஆம் பாட்டு இவ்வளவு அழகானதன்று. ஆனால் இதனினும் மெய்யானது என்று நமக்குத் தோன்றுவதுண்டு. மழை பெய்து பெய்து எள்ளுக் காய்கள் அழுகி உள்ளீடற்றுப் போன கூதிர் காலத்துக் கடைசி நாள். தொழுவம் சேறாகிவிட்டது. அந்தச் சேற்றில் நின்று நின்று வெறுத்துப்போன சிவந்த கண் எருமை, நள்ளிரவில் கத்துகிறது. அந்த வேளையிலும் தலைவியின் கண் உறங்கவில்லை. அவள் தன் நெஞ்சை நாழிகைக் கணக்குப் பார்க்கும் காவலரோடு ஒப்பிடுகிறாள். அக்காலத்தில் சிறு துளை வழியே நீர் கசியும் வட்டிலை வைத்துக்கொண்டு பொழுதை அளந்தார்கள். ஒரு நாழிகை இக்காலத்து இருபத்துநான்கு நிமிஷம். ஏழரை நாழிகை ஒரு யாமம். நீரைப் பார்த்துக்கொண்டே இரவைத் துண்டு துண்டாக எண்ணுவது காவலனுக்கு வேலை. அதற்கு அவனுக்குக் கூலி உண்டு. அவளுக்கு எண்ணும் வேலை மட்டும் இருக்கிறது.

ஆக, இங்கே விழித்திருப்பவர்: ஓர் எருமை, சில காவலர், இவள். ஊரில் ஒருவர்கூட விழித்திருக்கவில்லை என்பதைவிட, விழித்திருப்பவை இவைதாம் என்று சொல்வது எவ்வளவு கொடுமையாக இருக்கிறது பாருங்கள். எருமைக்குச் சேறு, காவலனுக்குக் கடமை. யாரோடு போய் இவள் ஒரு வார்த்தை பேசுவாள்?

நெய்தல் நிலத்தில் பேசுவதற்குக் கடலாவது இருக்கிறது. அம்மூவனார் பாட்டிலே (163) ஒருத்தி கடலை நோக்கி, யாரால் நீ இவ்வாறு வருந்துகிறாய், நள்ளிரவிலும் உன் குரல் கேட்கிறதே என்று கேட்கிறாள். கடற்கரையூர்களில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பகலில் அலையோசை இருப்பதே நினைவில் இராது. ஊர் அடங்கியதும் அது எழுந்து வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இவற்றிலெல்லாம் இரவு கண்ணால் காணப்படவில்லை, காதால் கேட்கப்படுகிறது என்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். பிற்காலத்தில் இந்தக் காது மங்கிப்போயிற்று என்பது நம்முடைய மனக்குறை. கோவை, உலா, கலம்பகம் என்று வந்தபோது, தலைவி இரவில் உறங்கவில்லை என்றால் உடனே நிலவை வைதாக வேண்டும். தென்றலை வைதாக வேண்டும். சந்தனம் சுட்டாக வேண்டும். நூற்றுக்கு நூறு பாட்டில் நிலவு நெருப்பாய்ச் சுடுகிறது. முதலிற் சொன்னவனுக்குச் சுட்டிருக்கும். மற்றவர்கள் கேள்விப்பட்டு எழுதினார்கள். சேற்றில் நின்ற எருமை அந்தப் பிரபந்தங்களுக்குள் நுழையவே முடியாமற் போயிற்று.

இலக்கணம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்கலாம். தொல்காப்பியர் யாமத்தைக் குறிஞ்சிக்கு வைத்தார். குறிஞ்சிக்கு உரியது புணர்தல். காத்திருத்தலுக்கு உரிய முல்லைக்கு அவர் கொடுத்த பொழுது மாலை. அதாவது யாமம் இருவர் கூடும் பொழுது. அந்தப் பொழுதிலே ஒருத்தி மட்டும் இருக்கிறாள் என்று காட்டும்போது, இலக்கணம் அறிந்த அக்காலத்து ரஸிகர்களுக்கு அந்த வெற்றிடம் இன்னும் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பொழுதுக் கணக்கையே கவிழ்த்தவர் மிளைப்பெருங்கந்தன். கதிரவன் மறைந்து முல்லை மலரும் நேரத்தையே மாலை என்பவர்கள் அறியாதவர்கள் என்கிறார் அவர் 234-ஆம் பாட்டில். துணையில்லாதவர்க்குச் சேவல் கூவும் விடியலும் மாலைதானாம், பகலும் மாலைதானாம்.

திருவள்ளுவரிடம் வரும்போது தோழியும் மறைந்துவிடுகிறாள். 'படர்மெலிந்திரங்கல்' என்ற அதிகாரத்தில் 1168-ஆம் குறளைப் பாருங்கள். உயிர்களையெல்லாம் உறங்கவைத்துவிட்ட இரவுக்கு என்னைத் தவிர வேறு துணை இல்லையே, அது இரங்கத்தக்கது என்கிறாள் தலைவி. ஒரு தாய், குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூங்கச் செய்துவிட்டுத் தான் மட்டும் விழித்திருப்பதைப் போல இரவு இருக்கிறது. இதுவரையில் இரவிலே ஒருத்தி தனியாக இருந்தாள். இங்கே இரவே தனியாகிவிட்டது. அவள் அதற்குத் துணை இருக்கிறாள். தன் துன்பத்தின் நடுவே இன்னொன்றைப் பார்த்து ஐயோ என்று சொல்லும் இந்தக் குரலை நாம் எத்தனை முறை படித்தாலும் கடந்து போக முடிவதில்லை. இதிலே ஒரு கசப்பும் சேர்ந்திருக்கிறது என்று கொள்வாரும் உண்டு, கொள்ளலாம். அடுத்த குறளிலேயே, பிரிந்த கொடியவரினும் இந்த நெடிய இரவு கொடியது என்று அவள் மாறிவிடுகிறாளே! ஒரே இரவில் இரண்டும் தோன்றத்தான் செய்யும்.

நம்மாழ்வார் இந்தச் செல்வம் முழுவதையும் எடுத்துக்கொண்டு பகவானிடம் போனார். திருவாய்மொழியில் ஐந்தாம் பத்தின் நான்காம் திருவாய்மொழி முழுதும் ஒரு பெண் கழிக்கும் ஓர் இரவு. ஊர் உறங்கிவிட்டது, உலகம் இருண்டுவிட்டது, நீர் தெளிந்து அடங்கிவிட்டது, இரவு ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீள் இரவாகிவிட்டது. இங்கே இருள் உண்டு, ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அந்தப் பெண் இருளைக் குறித்துப் புலம்புவதைக் காட்டிலும் உறங்குகிறவர்களைக் குறித்தே மிகுதியாகப் புலம்புகிறாள். அன்னையரும் தோழியரும்கூட, உனக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேளாமல் இரவெல்லாம் உறங்குகிறார்கள். பதுமனார் பாட்டில் சந்தேகமாக இருந்த தோழி இங்கே நிச்சயமாக உறங்கிவிட்டாள். கதிரவனின் தேர் வருகிறதா என்றால் அதுவும் தோன்றவில்லை. பத்தாம் பாட்டில் அவள் சொல்வதுதான் உச்சம்: அவன் வரமாட்டான் என்றாவது ஒரு சொல் சொல்லாமல் உலகம் உறங்குகிறதே என்கிறாள். வருவான் என்று ஆறுதல் சொல்ல ஆள் வேண்டாம். வாரான் என்று கடிந்து சொல்லக்கூட ஒருவர் விழித்திருக்கவில்லை!

அவரே இரண்டாம் பத்தின் தொடக்கத்தில் நாரையையும் அன்றிலையும் கடலையும் ஒவ்வொன்றாக அழைத்து, நீங்களும் உறங்கவில்லையே, நீங்களும் அவனிடம் நெஞ்சைப் பறிகொடுத்தீர்களோ என்று கேட்கிறார். கடற்கரையில் அம்மூவனாரின் பெண் கேட்ட கேள்விதான். மனிதரெல்லாம் உறங்கிய பின்பு விழித்திருப்பவற்றையெல்லாம் தேடித் தேடித் தம் பக்கம் சேர்த்துக்கொள்கிறார்.

பாரதியாரின் கண்ணன் பாட்டு 1917-ல் வெளிவந்தது. அதில் கண்ணனைக் காதலனாகப் பாடும் பாட்டில் ஒரு புதுமை இருக்கிறது. அந்தப் பெண்ணைச் சுற்றிச் சகி இருக்கிறாள், வைத்தியர் வருகிறார்கள், சோசியன் வருகிறான். எல்லாரும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படியும் படுக்கை நோகிறது. அவளுடைய ஆறுதல் கனவில் வருகிறது. மற்றத் தலைவியருக்குக் கிட்டாத உறக்கமே இவளுக்கு மருந்தாகிவிட்டது. இது தனியே ஒரு நாள் எழுத வேண்டிய விஷயம்.

அந்தச் சிறுமிக்கு முழு மார்க்குப் போட்டோம். முப்பது பேரின் மார்க்கைக் குறைக்க மனம் வரவில்லை; அவர்கள் எழுதியது நம் தவறு. விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று வகுப்பில் அதைச் சொல்லி ஒப்புக்கொண்டோம். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பாடத்திட்டத்தில் இல்லாத நெடுநல்வாடையை எடுத்து, மீதியிருந்த நேரம் முழுதும் கதையாகச் சொன்னோம்.

நக்கீரர் பாடிய இது 188 அடி. சாமிநாதையரவர்கள் பத்துப்பாட்டை 1889-ல் வெளியிட்டபோது நச்சினார்க்கினியர் உரையோடு நமக்குக் கிடைத்தது. வாடைக்காலம். மேகம் மூடியிருப்பதால் பொழுது தெரியவில்லை. மாலை வந்துவிட்டது என்பதைப் பெண்கள் எப்படி அறிகிறார்கள் தெரியுமா? பறித்து வைத்த பிச்சி அரும்புகள் இதழ் விரிந்து மணக்கின்றன. அந்த மணத்தைக் கொண்டு அறிந்து, இரும்பு விளக்கில் திரி ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுகிறார்கள். வீட்டுப் புறாக்கள் இரவென்றும் பகலென்றும் அறியாமல் கால் மாற்றி மாற்றி நிற்கின்றன. அப்பால் அரண்மனை. தந்தத்தால் ஆன பெரிய கட்டில். அதன்மேல் அரசி. அணிகளையெல்லாம் களைந்துவிட்டு, வண்ணம் தீட்டாத சித்திரம் போல இருக்கிறாள். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் சிறிய கதையும் பெரிய கதையும் சொல்லி, இதோ வந்துவிடுவார் என்கிறார்கள். அவள் அதை ஏற்கவில்லை. மேற்கட்டியில் விண்மீன் மண்டலம் எழுதியிருக்கிறது. அதிலே சந்திரனைப் பிரியாத உரோகிணி. அவள் அதையே பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கண்ணில் வந்த நீரை விரலால் துடைத்துக்கொள்கிறாள். ஒருத்தி கொற்றவையை வேண்டுகிறாள், போர் வெற்றியோடு உடனே முடியட்டும் என்று.

அவ்வளவில் நக்கீரர் நம்மைப் பாசறைக்குக் கொண்டுபோய்விடுகிறார். அங்கேயும் அதே நள்ளிரவு, அதே வாடை, தூறல். அரசன் படுக்கவில்லை. நழுவும் மேலாடையை இடக்கையால் அணைத்துக்கொண்டு, வாளேந்திய இளைஞன் ஒருவன் தோளில் வலக்கையை வைத்துக்கொண்டு, புண்பட்ட வீரர்களைப் பார்த்தபடி நடக்கிறான். வேம்பு கட்டிய வேலோடு ஒருவன் முன்னே சென்று ஒவ்வொருவராகக் காட்டுகிறான். நனைந்த குதிரைகள் தம்மேல் விழுந்த நீர்த்துளிகளை உதறுகின்றன. அந்த வேம்பு பாண்டியர் பூ ஆனதனால் இது அகப்பாட்டா, புறப்பாட்டா என்று பண்டிதர்கள் வாதாடி வந்திருக்கிறார்கள். வகுப்பில் அதைத் தொடவில்லை.

இரண்டு இடத்திலும் விழித்திருப்பவர் பலர். அரசியைச் சுற்றிச் செவிலியர். அரசனைச் சுற்றி வீரர். ஆனால் அவன் விழித்திருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் விழித்திருப்பது அவனுக்குத் தெரியாது. இரண்டையும் பார்க்கிறவர்கள் புலவரும் நாமும்தான். அரசன் அரசியை நினைத்ததாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை.

பாசறை விளக்குகளை நக்கீரர் மறக்கவில்லை. வாடை வீசுந்தோறும் பருத்த சுடர்கள் தெற்கே சாய்கின்றன என்று எழுதியிருக்கிறார். வாடை வடக்கிலிருந்து வருவது. சுடர் தெற்கே சாய்வது இயற்கை. நாம் அவ்வளவோடு சொல்லி நிறுத்தினோம். மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அந்தச் சிறுமி மட்டும் மேஜையருகே வந்து நின்றாள்.

"அரசி இருக்கிற ஊர் பாசறைக்கு எந்தத் திசை, ஐயா?" என்றாள்.

நக்கீரர் அதைச் சொல்லவில்லை. வேம்பு பாண்டியனுடையதாயின் ஊர் மதுரை என்று கொள்ளலாம் என்றோம். அவள் தலையை ஆட்டிவிட்டு, தெற்கு எந்தப் பக்கம் என்று பார்ப்பவள் போல ஜன்னலை ஒரு முறை பார்த்தாள்.